பல் வைத்துப் புதைத்த பேச்சு

நாவுனிதாவா, கடாவு தீவு, ஃபிஜி
1998 மார்ச் 14

சலா, என் சலாக்குட்டி,

உன் அப்பாவைச் செவ்வாய்க்கிழமை புதைத்தோம். நீ வரவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். எழுதிவிட்டேன். தபால் வாங்குகிற லிட்டியா, "நீ சொல்லுக்கா, நான் எழுதறேன். உன் எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கும்" என்றாள். நாலாவது வரைக்கும் படித்த கோழி, நானே நடந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கையால் எழுதினால் படகு சுவா போய்ச் சேருவதற்குள் ஊரே படித்துவிடும். நர்ஸ் வீட்டு ரேடியோ போனும் அப்படித்தான். நாம் இங்கே பேசினால் நாலு ஊர் கேட்கும்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. மூன்று ஊரிலிருந்து பாய் வந்தது. பெட்டிக்குக் கீழே மகள் விரிக்க வேண்டிய பாயை உன் அத்தை மகள் விரித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "பொண்ணு வரலியா உனைசி?" என்று கேட்காத வாய் இல்லை. விமானம் கிடைக்கவில்லை என்றேன். டிக்கெட் கையில் இருக்கிறது என்று நீயே ரேடியோவில் சொன்னதைக் கேட்டவர்கள்தானே அவர்கள். ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானம்.

பெட்டியின் தலைமாட்டை உன் சகராயா சித்தப்பாதான் தூக்கினார். கூடப்பிறந்த தம்பி கூட அப்படி அழமாட்டான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஐந்து நாளும் இங்கேயே கிடந்தார். சாப்பாட்டின்போது எழுந்து நின்று, "எங்க அண்ணன் மக வெளிநாட்டுல பயிற்சி எடுத்து இந்த நாட்டுக்காக ஓடறா. அந்தக் கால் வேகத்தை முதல்ல கண்டுபிடிச்சவன் நான்" என்றார். உன் போட்டோ ஒன்று கேட்டார், பள்ளிக்கூடத்தில் மாட்ட. அனுப்பிவை.

ஏன் வரவில்லை? அதை மட்டும் எழுது.

அம்மா


பிரிஸ்பேன்
1998 ஏப்ரல் 2

அம்மா,

விமான நிலையம் வரைக்கும் போனேன். பையையும் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து நர்ஸைக் கூப்பிட்டு, பெட்டியை யார் தூக்குகிறார்கள் என்று கேட்டேன். "சகராயா மாஸ்டர் முன்னால. வேற யாரு? ஓவர்" என்றாள். பையைத் திரும்ப வாங்க இரண்டு மணி நேரம் ஆனது.

நான் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார். நான் அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஊர் அதைப் பார்த்து உருகியிருக்கும்.

அவரைச் சித்தப்பா என்று இனி எழுதாதே. எனக்குப் பதினோரு வயது. அந்த வருடம் பள்ளி விடுதியில், ஓட்டப் பயிற்சி என்று தனியாகக் கூப்பிட்டு, ஒரு ஆண் ஒரு சின்னப் பெண்ணுக்குச் செய்யக்கூடாததை எனக்குச் செய்தார். ஒருமுறை இல்லை. அதற்குத்தான் அவர் வீட்டு ஆட்கள் திமிங்கிலப் பல்லைக் கொண்டுவந்து, மன்னித்து முடித்துவிடச் சொல்லி அப்பா முன்னால் வைத்தார்கள். அப்பா எடுத்துக்கொண்டார். புதைத்தாயிற்று, இனி இதைப் பற்றிப் பேச்சில்லை என்றார் பெரியப்பா. அடுத்த திங்கட்கிழமை என்னை அதே விடுதிக்கு அனுப்பினீர்கள்.

அப்பாவுக்காக அழுதேன். அதையும் தெரிந்துகொள்.

போட்டோ அனுப்பமாட்டேன்.

சலனியேத்தா


நாவுனிதாவா
1998 ஏப்ரல் 20

சலா,

உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவே இல்லை.

அவர் உன்னை அடித்தார். ஓட்டத்தில் சோம்பல் படுகிறாய் என்று கை ஓங்கிவிட்டார். அந்தப் பல் அதற்குத்தான். உன் அப்பா அப்படித்தான் சொன்னார், நானும் அதைத்தான் அறிந்தேன். நான் பின்னால் பெண்கள் வரிசையில் இருந்தவள். முன்னால் ஆண்கள் பேசுவது எனக்கு எப்படிக் கேட்கும்? நீ குழந்தை. குழந்தைக்கு எதுவும் பெரிதாகத் தெரியும்.

புதைத்ததைத் தோண்டக்கூடாது, சலா. வாங்கியவர்களே தோண்டினால் செத்தவருக்கு என்ன மரியாதை? உன் அப்பா மண்ணுக்குள் போய் நாற்பது நாள்தான் ஆகிறது. நான் இன்னும் கறுப்பில் இருக்கிறேன். நூறாவது இரவு முடிகிற வரை தலைமுடி வெட்ட முடியாது, கடலுக்குள் இறங்க முடியாது. நண்டு எப்படி ருசிக்கும் என்பதே மறந்துவிட்டது.

ரேடியோவில் உன் ஓட்டம் கேட்டோம். நாலு பேர் கோல் மாற்றி ஓடுகிற ஓட்டம். உன் முறை வந்தபோது அந்த ஆள், "ஃபிஜி கோலைத் தவறவிட்டது" என்று கத்தினான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "உனைசி பொண்ணு கையில வெண்ணெய் தடவிட்டாங்களா?" என்றான் கடைக்காரன். "இல்லய்யா, அவ வாங்கறதுக்கு முன்னாலயே ஓடிட்டா. அவசரத்துக்குப் பொறந்தவ" என்றான் இன்னொருவன். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

சாப்பிடுகிறாயா? அங்கே சேப்பங்கிழங்கு கிடைக்கிறதா?

அம்மா


பிரிஸ்பேன்
1998 மே 8

அம்மா,

கடைக்காரனிடம் சொல். வெண்ணெய் இல்லை.

கோல் மாற்றி ஓடும்போது நான் முன்னால் பார்த்தபடி ஓடத் தொடங்க வேண்டும். கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். பின்னாலிருந்து ஒருத்தி மூச்சு வாங்கியபடி வந்து என் கையில் கோலை வைப்பாள். திரும்பிப் பார்க்கக்கூடாது. நம்பி நீட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டதும் கால் தானாக ஓடுகிறது. கோலை வாங்கத் தெரியாமல் இல்லை, கோலை விட்டுத் தப்பித்து ஓடுகிறேன். மூன்று பெண்களின் ஒரு வருட உழைப்பு என் கையில் போனது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தனியாக ஓடும்போதும் இதே கதைதான். ஓட்டம் தொடங்கக் குனிந்து கால் வைக்கும் இடத்தில் பின்னால் அதிகாரி நின்றால் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறேன். தொடைச் சதை கிழிந்து ஏழு மாதம் ஆகிறது. அதைத் தடவிச் சரி செய்கிற பெண் நல்லவள். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். அவள் கை படுவதற்குள் அறையைவிட்டு வெளியே போயிருந்தேன். இருபத்திரண்டு வயது, அம்மா. வேகமாக ஓடுகிறாள் என்று எழுதுகிறார்கள். எதைவிட்டு ஓடுகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது நான் கேட்கப்போவதைக் கவனமாகப் படி. இரண்டு தடவை படி.

அவர்மேல் இரண்டு சின்னப் பெண்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதே விடுதி. சுவாவிலிருந்து செய்னிமிலி என்ற போலீஸ்காரி என்னைத் தேடிப் பிடித்தாள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய வக்கீல் சொல்கிறாராம், இத்தனை வருடத்தில் இவர்மேல் ஒரு சொல் வந்ததில்லை என்று. பல்லைப் பற்றிச் சொன்னால், அது பிள்ளையை அறைந்ததற்காக வைத்த பல் என்பார்களாம். நீ எழுதியிருக்கிறாயே, அதே சொல்.

அன்று அங்கே இருந்தவர்களில் அப்பா இல்லை. பெரியப்பா ஜோபே வாய் திறக்கமாட்டார். மீதி நீ.

நான் அன்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா பல்லை எடுத்ததும் எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். அதில் உன் கைச்சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. தேங்காய் ஓடு மாதிரி ஆழமாக ஒலிக்கும் உன் கை. மூன்று முறை தட்டினாய். பெண்கள் வரிசையில் ஒன்றும் கேட்கவில்லை என்றால், எப்போது தட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

எனக்கு மன்னிப்பு வேண்டாம். விசாரணை ஜூன் பதினைந்தாம் தேதி. சுவாவுக்குப் போய், தெரியும் என்று சொல். தெரியாது என்று சொன்னால் அந்தப் பல் வெறும் எலும்பு.

சலா


நாவுனிதாவா
1998 மே 24

சலா,

போலீஸ்காரியின் காகிதமும் வந்தது. லிட்டியா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். மாலைக்குள் உன் பெரியப்பா ஜோபே வந்தார். கூடவே சகராயாவும் வந்தான். ஏதாவது கேட்க வருகிறவர்கள் வைக்கிற யங்கோனா வேர்க் கட்டை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு விதவை முன்னால் வேர் வைக்கிறார்கள் என்றால் அது மரியாதைக்காக இல்லை.

"சுவாலேருந்து காகிதம் வந்துச்சாமே, உனைசி?" என்றார் ஜோபே.

"வந்துச்சு."

"என்ன செய்யப்போற?"

"வெறகு ஈரமா இருக்கு. அடுப்புப் பத்தவைக்க ஆகும்."

ஜோபே பெரிதாகச் சிரித்தார். நான் அதை எரிக்கவில்லை. பாய்க்கு அடியில் இருந்தது, அவர் அதன் மேலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

சகராயா சிரிக்கவில்லை. "அண்ணி, அண்ணன் கையால வாங்கி முடிச்ச விஷயம். அண்ணன் எலும்பு காயறதுக்குள்ள அண்ணன் பேச்சை மாத்திடுவீங்களா? நூறாவது ராத்திரி விருந்துக்குப் பன்னி என் பொறுப்பு. நீங்க ஒண்ணும் கவலைப்படக் கூடாது" என்றான்.

"எனக்குப் பன்னி பிடிக்காது" என்றேன். உனக்குத்தான் தெரியுமே, எவ்வளவு பிடிக்கும் என்று.

ஜோபே எழுந்தார். "நீ வேற தீவுலேருந்து வந்தவ. முப்பது வருஷமா எங்க மண்ணுல தூங்கற. உன் புருஷன் இருந்தான், சரி. இப்ப நாங்க சொல்ற வரைக்கும்தான் இந்த வீடு. படகு ஏறினா ஏறினதுதான். யோசிச்சுக்கோ."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சகராயா திரும்பினான். சிரித்த முகம். "சலா இப்ப எப்படி ஓடறா? பின்னால ஆள் வந்தா இன்னும் திரும்பித் திரும்பிப் பாக்கறாளா? எவ்வளவு சொல்லியும் அந்தப் பழக்கத்தை விட மாட்டேன்னுட்டா" என்றான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு உன் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பல் அங்கேதான் இருந்தது. பெரிய பல், கயிறு கட்டியது. ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியது. உன் அப்பா இத்தனை வருடமும் இதை ஒரு வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு பல் கடன் வாங்கிக்கொண்டு போவார். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆனால் சலா, என்னால் வர முடியாது. நான் எங்கே போவேன்? பிறந்த ஊரில் என்னைத் தெரிந்த ஆள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. நூறாவது இரவுக்கு முன்னால் கறுப்போடு படகேறிய பெண் இந்த ஊரில் இல்லை. என்னை வற்புறுத்தாதே.

அந்தப் பெண்களுக்கு என்ன வயது?

அம்மா


பிரிஸ்பேன்
1998 ஜூன் 3

அம்மா,

பத்து. பன்னிரண்டு.

பத்து வயதுக்காரி நன்றாக ஓடுவாளாம். செய்னிமிலி போய்ப் பார்த்திருக்கிறாள். பாதி தூரம் வரை எல்லோருக்கும் முன்னால் வருகிறாள், பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள், அதனால் கடைசியாக வருகிறாள் என்றாள். எதற்கு அதை என்னிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

இது உனக்கு நேரத்தில் கிடைக்குமா தெரியவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இனி எழுதமாட்டேன். உன் வீடு உன்னிடம் இருக்கட்டும்.

சலனியேத்தா


சுவா
1998 ஜூன் 17

சலா, என் சலாக்குட்டி,

நீ எழுதமாட்டேன் என்றாய். சரி. நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. கரையில் நின்றபடியே பிரித்தேன். லிட்டியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பத்துன்னு போட்டிருக்கு, பன்னெண்டுன்னு போட்டிருக்கு. என்னக்கா, பாய்க் கணக்கா?" என்றாள். "ஆமாம், பாய்தான்" என்றேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து பல்லை எடுத்துப் பாவாடைத் துணியில் சுற்றினேன். படகு மண்ணெண்ணெய் பீப்பாய்களை இறக்கிவிட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். அதே படகில் ஏறினேன், கறுப்போடு. ஜோபே கரையில் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஊரும் அவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. லிட்டியா மட்டும், "அக்கா, பாயை விட்டுட்டுப் போறியே" என்று கத்தினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

செய்னிமிலி என்னைத் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும். டீயில் மட்டும் தண்ணீர் அதிகம்.

திங்கட்கிழமை கூட்டிப்போனார்கள். சகராயா வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பது போலத் தலையசைத்தான். எனக்கும் பழக்கத்தில் தலை அசைந்துவிட்டது.

பல்லை மேஜைமேல் வைத்தேன். அதில் சின்னதாக ஒரு காகிதச் சீட்டுக் கட்டினார்கள், சந்தையில் மீனுக்குக் கட்டுவது போல.

அவனுடைய வக்கீல் மெலிந்த ஆள். குரல் மட்டும் தேன். "அம்மா, இந்தப் பல் எதுக்கு வந்துச்சுன்னு உங்க புருஷன் உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"ஊர்ல யாராவது கேட்டா, புள்ளய அறைஞ்சதுக்குன்னு சொல்லணும்னு சொன்னாரு."

அவர் திரும்பவும் தேனாகக் கேட்டார். "அப்ப உண்மை என்னன்னு உங்களுக்கு யாரு சொன்னா? உங்க பொண்ணா?"

"எம்பொண்ணு ஒரு வார்த்தை சொல்லல."

"யாருமே சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்ப பொண்ணு கடுதாசி போட்டதால தெரியுதா?"

அவனைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன். "துவைச்சவ நான்தானே, ஐயா."

அங்கே எத்தனை பேர் எழுதிக்கொண்டார்கள் என்று தெரியாது. உனக்கு நான் முழுதாகச் சொல்ல வேண்டும். துவைத்ததைப் பதினோரு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

நீ அரைப் பரீட்சை லீவுக்கு வந்திருந்தாய். வந்ததும் படுத்துக்கொண்டாய். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு. உன் துணி மூட்டையை நான் பிரித்தேன். ஓடும்போது போடுகிற கால்சட்டை அடியில் சுருட்டி வைத்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, சலா. பெற்றவளுக்கு ஒருவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. உன்னை எழுப்பி என்னடா கண்ணே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைக்குப் போனேன். மற்றப் பெண்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கல்லில் அடித்தேன். எலுமிச்சை தேய்த்தேன். மறுபடி அடித்தேன். வெள்ளையாக வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி. அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறேன். அழித்து எழுதவில்லை.

காய்ந்த பிறகு மடித்து உன் தலைமாட்டில் வைத்தேன். நீ கண் விழித்து அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் சொல்ல முயற்சி செய்யவில்லை. ஏன் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜோபேயிடம் சொன்னார். அப்படித்தான் பல் வந்தது. கை தட்டினேன். ஆமாம், மூன்று முறை.

இதெல்லாம் அங்கே சொல்லி முடித்தபோது சகராயா தலை குனிந்திருந்தான். ஜூலையில் மறுபடி கூப்பிடுவார்களாம். முடிவு எப்படியாகும் என்று செய்னிமிலிக்கும் தெரியவில்லை. வெளியே நடையில் அந்தப் பத்து வயதுப் பெண் தன் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றியா வெறுப்பா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். அவள் துவைக்கவில்லை, சலா. துணியை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போலீஸுக்கு வந்தாளாம். அவளும் நாலாவது வரைக்கும்தான் படித்தவள்.

நாளைக்கு நூறாவது இரவு. நான் இல்லாமல் உன் அப்பாவுக்கு விருந்து நடக்கும். ஊருக்குத் திரும்ப முடியாது. இங்கே ஒரு வீட்டில் துணி துவைக்க ஆள் வேண்டுமாம், செய்னிமிலி சொன்னாள். துவைக்கிற வேலை மட்டும் வேண்டாம், சமையல் என்றால் வருகிறேன் என்றேன்.

மன்னிப்பு வேண்டாம் என்று நீ எழுதினாய். நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன் என்றும் தெரியவில்லை. அன்றைக்கு நான் ஓடைக்குப் போகாமல், உன் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த படகில் ஏறியிருந்தால், நீ எவ்வளவு வேகமாக ஓடியிருப்பாய், சலா?